பின்பக்கமாக வந்த பிளஷர்

கழுதுருட்டியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. துல்கர்னைன் வலக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடக்கையைக் கியர் கம்பியிலிருந்து எடுக்காமல் ஓட்டி வந்தார். கையை எடுத்தால் இரண்டாவது கியர் தெறித்து வெளியே வந்துவிடும். கொல்லத்திலிருந்து புறப்பட்டபோது மேட்டில் மட்டும்தான் அப்படிச் செய்தது. புனலூருக்குப் பிறகு சமதளத்திலும் நிற்கவில்லை. அழுத்திப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை கன்றிப்போய், தோள்வரைக்கும் மரத்திருந்தது. காலடித் தகரத்துக்குக் கீழே பல்சக்கரங்கள் உரசும் சத்தம் விடாமல் கேட்டது.

வண்டி தென்காசி சிவசைலம் முதலாளியுடையது. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் அந்தக் கறுப்புப் பிளஷர் காருக்கு ஓய்வே கிடையாது. "கியர்பாக்ஸப் பிரிச்சுப் பாக்கணும் மொதலாளி, பல்லு தேஞ்சுபோச்சு" என்று ஆனி பிறந்ததிலிருந்தே துல்கர்னைன் சொல்லிவந்தார். "சீசன் முடியட்டும் பாய்" என்பதுதான் பதில். தொந்தரவு தாங்காமல் ஒருமுறை பிரிக்கவும் செய்தார்கள். புதுச் சக்கரம் வாங்கவில்லை. ஓட்டத்துக்கு ஆகாதென்று கழித்துப் போட்டிருந்த வேறொரு வண்டியின் சக்கரத்தை அரத்தால் அராவி எடுத்து மாட்டினார்கள்.

அன்று காலையில் ஒரு குடும்பத்தைக் கொல்லத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் குற்றாலத்தில் இருக்கவேண்டும். அங்கே வேறொரு குடும்பம் திருநெல்வேலிக்குப் போகக் காத்திருக்கும். திரும்பும்போது வழியில் யாரையும் ஏற்றக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு.

மர அறுவை மில்லின் வாசலுக்கு முன்னால் நடுரோட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆரன் அடித்தார். அவள் நகரவில்லை. சேலை முழங்காலுக்குக் கீழே ரத்தத்தில் தோய்ந்து காலோடு ஒட்டியிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். அவள் ஓடிவந்து, வண்டி மறுபடி கிளம்பிவிடாதபடிக்கு முன்பக்கத்து மட்கார்டை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"பாய், வீட்டுக்காரருக்குக் காலு போச்சு பாய். ஆஸ்பத்திரில கொண்டு சேத்துருங்க."

மில் வாசலில் மரத்தடிகளின் ஓரமாக ஒருவன் கிடத்தப்பட்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். சங்கிலி அறுந்து மேலேயிருந்த தேக்குத்தடி உருண்டதில் கால் கீழே மாட்டிக்கொண்டதாம். கூடவேலை செய்கிறவர்கள் நாலைந்துபேர் தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமல் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மேஸ்திரி அய்யாக்குட்டி குடையை மடித்து ஊன்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலம்பர ரயில் இருக்கு. அதுல ஏத்தி அனுப்புதோம்னு சொல்லிட்டேன். இந்தப் பொம்பள கேக்கமாட்டேங்கா" என்றார் அய்யாக்குட்டி.

"ஒங்க லாரி நிக்குதே" என்றார் துல்கர்னைன்.

"அதுல பலகை லோடு ஏத்தியாச்சு."

துல்கர்னைன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "தங்கச்சி, ஏத்தமாட்டேன்னு சொல்லல. இந்த வண்டியில கியரு நிக்காது. ஒத்தைக்கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டே வாறேன். மலையில என்ன ஆவும்னு எனக்கே தெரியாது."

"நீங்க வண்டிய ஓட்டுங்க. கம்பிய நா பிடிச்சுக்கிடுதேன்."

அவள் பெயர் குழல்வாய்மொழி. ஆய்க்குடிக்காரி. கணவன் சுந்தரபாண்டியோடு மில் வேலைக்கு வந்தவள். அவன் தடி உருட்டினான், அவள் மரத்தூள் அள்ளினாள். கூடவேலை செய்கிறவர்கள் அவனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். யாரும் சொல்லாமலே அவள் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கியர் கம்பியின் குமிழை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்பம் எந்தப் பக்கம் தள்ளணும்?"

"நா போட்டுத் தாறேன். வெளிய வராமப் பிடிச்சிரு. போதும்."

வண்டி ஏறியது. கம்பி அவள் கைக்குள் துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் அவளுடைய உடம்பு முழுவதும் குலுங்கியது. அவள் காலைத் தகரத்தில் முட்டுக்கொடுத்து, நெஞ்சைக் கம்பியின்மேல் சாய்த்து அழுத்தினாள். பின்னால் சுந்தரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அவனிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அப்போது அவள் திரும்பிப் பார்க்காமலே, "இங்கனதான் இருக்கேன்" என்று சொன்னாள்.

ஆரியங்காவுக்கு இன்னும் கொஞ்சதூரம் இருந்தது. செங்குத்தான ஒரு வளைவில் தகரத்துக்குக் கீழே பெரிய சத்தம் கேட்டது. அதன்பின் என்ஜின் மட்டும் தனியாக இரைந்தது. வண்டி நின்று, மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. துல்கர்னைன் காலால் பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தார்.

"கல்லு! பின்சக்கரத்துக்குக் கல்லு வையி!"

அவள் குதித்து ஓடி, ரோட்டோரத்தில் கிடந்த கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முட்டுவைத்தாள். அவர் முதல் கியரைப் போட்டுப் பார்த்தார். கிர்ரென்று ஓடியதே தவிர வண்டி அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அராவி மாட்டிய சக்கரம் தான் உடைந்ததோடு பக்கத்திலிருந்த பற்களையும் வாரிக்கொண்டு போயிருக்கவேண்டும்.

கொல்லத்துப் பக்கமிருந்து செங்கோட்டைக்குப் போகிற பஸ் ஏறிவந்தது. குழல்வாய்மொழி கையை விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். கண்டக்டர் இறங்கி வந்து பின்சீட்டை எட்டிப்பார்த்தார். ரத்தம் சீட்டிலிருந்து வழிந்து கதவோரம் சொட்டியது.

"இது போலீஸ் கேசுல்லா. ஏத்தினா எங்க வண்டியப் பிடிச்சுப் போட்டுருவான். பஸ்ஸுல கொழந்த குட்டியெல்லாம் இருக்கு" என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் படியேறி விசிலை ஊதினார்.

பஸ் வளைவில் மறைந்தது. துல்கர்னைன் கிளட்சை மிதித்து, கம்பியை ரிவர்ஸில் தள்ளினார். கிளட்சைக் கொஞ்சமாக விட்டதும் வண்டி, வைத்த கல்லின்மேல் பின்சக்கரத்தை ஏற்றப்பார்த்தது. அவர் சட்டென்று மிதித்து நிறுத்தினார்.

"தங்கச்சி, பின்கியரு பிடிக்கு."

"அதுக்கு?"

"பொறத்தாலயே போயிருவோம்."

ரோட்டின் உள்பக்கம் மலையை வெட்டிய மண்சுவர், வெளிப்பக்கம் பள்ளம். அவர் கல்லை எடுக்கச்சொல்லி, வண்டியின் பின்புறம் மண்சுவரை முட்டுகிற அளவுக்கு வளைத்து உருளவிட்டார். பிறகு முன்சக்கரத்தை முழுக்க ஒடித்து, பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்தி இறக்கத்தில் விட்டார். வண்டியின் மூக்கு பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு திரும்பியது. விளிம்பிலிருந்த சரளை கீழே விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இப்போது வண்டியின் முகம் வந்த திசையிலும், முதுகு தென்காசியைப் பார்த்தும் இருந்தது.

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உடம்பைப் பாதி வெளியே நீட்டி, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மறுபக்கத்து ஓரம் அவருக்குத் தெரியாது. குழல்வாய்மொழி இடப்பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு குரல்கொடுத்தாள்.

"ஓரம் வந்துட்டு. அங்கிட்டு ஒடிங்க. போதும், போதும். இப்பம் நேரா விடுங்க."

என்ஜின் கதறியது. தண்ணீர் கொதித்து மூடியின் வழியாக ஆவி வந்தது. ஊற்று கண்ட இடத்தில் நிறுத்தி, அவள் தன் முந்தானையை நனைத்துக் கொண்டுவந்து கணவனின் உதட்டில் பிழிந்துவிட்டு, தகரடப்பாவில் மொண்டு என்ஜினுக்கு ஊற்றினாள்.

சுந்தரபாண்டி கண்ணைத் திறந்தான். கண்ணாடிக்கு வெளியே மரங்கள் எதிர்த்திசையில் போயின. "ஏட்டி, மில்லுக்கா திரும்பிப் போறோம்?"

"ஊருக்குத்தான் போறோம். மூஞ்சி எங்கன இருந்தா ஒமக்கென்ன? பேசாமப் படும்."

ஆரியங்காவு செக்போஸ்டில் காவலர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "எந்தா பாய், தல திரிஞ்ஞு போயோ?" என்று மலையாளத்தில் கேட்டவர், பக்கத்தில் வந்து பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கினார்.

அதன்பிறகு இறக்கம். துல்கர்னைன் கொஞ்சம் யோசித்தார். முகத்தைத் திருப்பி இறக்கத்தில் உருளவிட்டால் வெறும் பிரேக்கை நம்பவேண்டும். இரண்டு வளைவுக்குள் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். ரிவர்ஸிலேயே போனால் என்ஜின் பிடித்து நிறுத்தும். அவர் முதுகுப்பக்கமாகவே மலையை இறங்கினார். மேலே ஏறிவந்த லாரிகள் ஒதுங்கி நின்றன. ஒரு லாரி டிரைவர் தலையை நீட்டி, "ஏ பாய், கள்ளு குடிச்சிருக்கியா?" என்று கத்தினார். துல்கர்னைனுக்குக் கழுத்தைத் திருப்பிப் பதில்சொல்ல முடியவில்லை. புளியரை வயல்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது அவருடைய கழுத்து திரும்பிய இடத்திலேயே இறுகியிருந்தது.

செங்கோட்டைக் கடைத்தெருவில் சீசன் கூட்டம். ஈரத்துண்டும் எண்ணெய்ச் சீசாவுமாக நின்றவர்கள் பின்பக்கமாக வருகிற பிளஷரைப் பார்த்துக் கைதட்டினார்கள். யாரோ பந்தயம் கட்டி ஓட்டுகிறான் என்றுகூடச் சொன்னார்கள். குழல்வாய்மொழி கதவில் தொங்கியபடியே, ரத்தம் காய்ந்த சேலையோடு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"வேடிக்கை பாக்குற நேரமா? வழிய விடுங்கய்யா! மனுசன் உசுரு போவுது!"

கைதட்டல் நின்றது. வெற்றிலைக்கடைக்காரர் ஒருவர் கடையை விட்டு இறங்கி, முன்னால் ஓடி ஓடி ஜட்கா வண்டிகளை விலக்கிவிட்டார். கடைத்தெருவின் கடைசிவரைக்கும் அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியின் பின்பக்கம் படியில் இடித்து நின்றது. நர்ஸ் ஜெபமலர் சாக்கை வெட்டி எடுத்தாள். காயத்தைக் கழுவக் கழுவ மஞ்சள் மரத்தூளும் பட்டைச் சிராய்களும் பேசினில் மிதந்தன. டாக்டர் வெளியே வந்து, காலை எடுத்தால்தான் ஆள் தங்குவான் என்று சொன்னார்.

"எடுங்க. எனக்கு ஆளு வேணும்" என்றாள் குழல்வாய்மொழி.

காலை எடுத்து முடிப்பதற்குள் சிவசைலம் முதலாளி குற்றாலத்திலிருந்து தன்னுடைய இன்னொரு காரில் வந்துவிட்டார். கூடவே மேஸ்திரி அய்யாக்குட்டியும் இறங்கினார். லோடு ஏற்றிய மில் லாரியிலேயே மலையிறங்கி வந்து, குற்றாலத்தில் முதலாளியைப் பார்த்து நடந்ததைச் சொல்லியிருந்தார். முதலாளி வண்டியைச் சுற்றிவந்தார். சீட்டைத் தொட்டுப்பார்த்து விரலைத் துடைத்தார். பிறகு துல்கர்னைனை வராந்தாவின் மூலைக்கு அழைத்துப்போனார்.

"ஓய் பாய், நா சொல்லுதத நிதானமாக் கேளும். நீரு பண்ணினது தப்புத்தான். அது கெடக்கட்டும். இப்பம் ஏட்டு வந்து கேப்பான். மேட்டுல கியரு தெறிச்சுட்டு, வண்டி பொறத்தால உருண்டு, ரோட்டுல போன இந்தாளு காலுல ஏறிட்டுன்னு சொல்லிரும்."

துல்கர்னைன் கழுத்தை நேராக்க முடியாமல், ஒருக்களித்து நின்றே அவரைப் பார்த்தார். "அப்பம் மில்லுல தடி உருண்டது?"

"மில்லுல ஒண்ணும் உருளல. அவன் இன்னைக்கு வேலைக்கே வரல" என்றார் அய்யாக்குட்டி.

"செங்கோட்டையே பாத்திருக்குவே, நீரு பொறத்தால வந்தத. கியரு போனது பொய்யில்லையே?" என்றார் முதலாளி. "கோர்ட்டுல அபராதம் போடுவான். அத நா கெட்டிருதேன். மில்லுக்கு வாற பெரிய ஆளுக எல்லாம் நம்ம வண்டியிலதான வாறாக? அவுகளப் பகைச்சா எனக்கும் பொழப்பு இல்ல, ஒமக்கும் இல்ல. நீரு வேலையில இருக்கலாம். ஒம்ம வீட்டுக்காரி ராபியாவையும் பிள்ளைகளையும் நெனச்சுப் பாரும்."

துல்கர்னைன் நினைத்துப் பார்த்தார். முதலாளியிடம் அவர் சேர்ந்தபோது மூத்த மகள் பால்குடி. இந்த மனிதரிடம் குரலை உயர்த்திப் பேசியதாக அவருக்கு ஞாபகமே இல்லை.

"ஆனி மாசத்துலேருந்து கியரு போச்சு, கியரு போச்சுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மொதலாளி. ஒரு நாளும் ஒங்க காதுல ஏறல. இன்னைக்குக் கியரு போனது ஒங்களுக்கே தோதா இருக்கு."

"ஓய், யாருகிட்டப் பேசுதீரு?"

"ஒங்ககிட்டத்தான். என் கையில பத்து வருசமா ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்ல. ஒரு கூலிக்காரன் கால ஒடச்சேன்னு எப்படிச் சொல்லுவேன்? சொல்லமாட்டேன்."

ஏட்டு வந்தார். அய்யாக்குட்டி தயாராக எழுதிக்கொண்டுவந்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டி, குழல்வாய்மொழிக்கு முன்னால் மைப்பெட்டியைத் திறந்தார். "இந்தா பிள்ள, கைநாட்டு வையி. மில்லுலேருந்து ஏதாச்சும் பாத்துப் பண்ணச் சொல்லுதேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"கார்ல அடிபட்டதுன்னு."

அவள் கையை மூடிக்கொண்டாள். அய்யாக்குட்டி மணிக்கட்டைப் பிடித்துப் பெருவிரலை நிமிர்த்தப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக் கொப்புளம் கண்டிருந்த கை. கொப்புளம் உடைந்து அவருடைய விரலில் ஈரம்பட்டது. அவள் முஷ்டியைத் திறக்கவில்லை.

"விடும் கைய! என் புருசன் கீழ கெடந்து கத்தும்போது குடையப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளுதான நீரு? சங்கிலி இத்துப்போச்சுன்னு அவரு ஒம்மகிட்டச் சொன்னாரா இல்லையா? போன வாரமும் சொன்னாரு. ஏட்டையா, நா சொல்லுதத எழுதுங்க. தடி உருண்டுதான் காலு போச்சு. இந்தப் பாய் இல்லைன்னா ஆளே போயிருப்பாரு."

"பொம்பள பேச்ச எழுதாதிய. ரெண்டு பேரும் பேசிவச்சுச் சொல்லுதாக" என்றார் அய்யாக்குட்டி.

ஜெபமலர் கதவருகில் நின்றபடியே சொன்னாள்: "புண்ண நாந்தான் கழுவினேன். உள்ள அம்புட்டும் மரத்தூளு. டாக்டரும் பாத்தாக. ரோட்டுல ஏதுங்க மரத்தூளு?"

ஏட்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "ரெண்டையும் எழுதிக்கிடுதேன். கியரு கேடான வண்டிய ஓட்டுனதுக்குத் தனியா ஒரு கேசு உண்டு பாய். ஸ்டேஷனுக்கு வரணும்" என்றார்.

"வாறேன். ஓட்டச்சொன்னவரையும் கூப்பிடுங்க" என்றார் துல்கர்னைன்.

முதலாளியின் முகம் கறுத்தது. கையை நீட்டினார். "சாவியக் குடும். இனி என் ஷெட்டுப் பக்கம் வராதயும். இந்த ஊருல எவன் ஒமக்கு ஸ்டியரிங்கக் குடுக்கான்னு நானும் பாக்கேன்."

துல்கர்னைன் சாவியை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். "வண்டி முன்னால போவாது மொதலாளி. ஒங்களுக்குப் பொறத்தால ஓட்டத் தெரியுமா?"

வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் சிலர் சிரித்தார்கள். இருட்டுவதற்கு முன்னால் ஒரு ஜோடி மாட்டைக் கொண்டுவந்து கட்டி, பிளஷரை ஷெட்டுக்கு இழுத்துப்போனார்கள்.

மறுநாள் காலையில் துல்கர்னைன் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ராபியா கொடுத்துவிட்டது. வழியில் கார் ஸ்டாண்டில் இரண்டு முதலாளிகளிடம் வேலை கேட்டிருந்தார். இருவருமே அவர் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டினார்கள். கழுத்து இன்னும் நேராகவில்லை.

சுந்தரபாண்டி மயக்கத்தில் கிடந்தான். மூச்சு சீராக இருந்தது. குழல்வாய்மொழி வார்டுக்கு வெளியே ஒரு நீளமான பொட்டலத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய வேட்டியில் சுற்றி, வாழைநாரால் கட்டியிருந்தது. எடுத்த காலைச் சொந்தக்காரர்கள்தான் கொண்டுபோய்ப் புதைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஆய்க்குடிக்கு ஆளு சொல்லிவிட்டிருக்கு. யாரும் இன்னும் வரல" என்றாள்.

"குடு, நா கொண்டுபோறேன்."

"நானும் வாறேன்."

வார்டு ஆயா குறுக்கிட்டாள். "பொம்பள சுடுகாட்டுக்குப் போகப்படாதும்மா."

"காலத்தான பொதைக்கப் போறேன். ஆளு உசுரோட இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் குழல்வாய்மொழி எழுந்தாள்.

துல்கர்னைன் பொட்டலத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் எங்கேயோ கேட்டு வாங்கிய மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டாள். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் குற்றாலம் ரோட்டில் கொஞ்சதூரம் போய் இறங்கவேண்டும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலையின்மேல் மேகம் இறங்கி, அருவி இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ரோட்டின் இரண்டு ஓரத்திலும் சேறு. அவர்கள் நடுவில் நடந்தார்கள்.

பின்னால் ஒரு கார் வந்து ஆரன் அடித்தது. அருவிக்குப் போகிறவர்கள். உள்ளேயிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தமும், எண்ணெய் வாசனையும் வந்தன. டிரைவர் விடாமல் அடித்தான். "ஏய், ஓரம் போ!" என்று யாரோ ஜன்னல் வழியாகச் சத்தம்போட்டார்.

துல்கர்னைன் குழல்வாய்மொழியைப் பார்த்தார். அவள் மண்வெட்டியைத் தோள்மாற்றிக்கொண்டு நடையைத் தளர்த்தாமல் போனாள். அவரும் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுரோட்டிலேயே நடந்தார். கார் முதல் கியருக்கு இறங்கி ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கார் வந்து சேர்ந்தது. அதன்பின் குற்றாலத்துப் பஸ். எல்லாம் ஆரன் அடித்துக்கொண்டே, சாரலில் நனைந்த அந்தக் காலின் பின்னால் வரிசையாக, மெதுவாக வந்தன.